வரிக் கணக்கு எழுதிய கை வாக்குக் கேட்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 47 வயது. 2003இல் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்தேன். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை செய்திருந்தும், இங்கே முதல் இரண்டு வருடம் கோப்பிக் கடையில்தான் நின்றேன். பிறகு கணக்காளர் தகுதியான சீஜீஏ (இப்போது அது சீபீஏ) படித்து முடித்தேன். இப்போது ரொறொன்ரோவுக்குப் பக்கத்து நகரமான மார்க்கமில் சொந்தமாக வரிக் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. எங்கள் கோயிலின் பொருளாளரும் நான்தான். 2026 அக்டோபரில் வரும் நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். "உங்களிட்ட வரி செய்யிற சனம் போட்டாலே காணும்" என்கிறார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது. கணக்காளராக இருப்பது அரசியலுக்கு உதவுமா? எவ்வளவு காசு வேண்டும்? என் ஆங்கில உச்சரிப்பு இடைஞ்சலாகுமா? என் கணவர் கேட்பது ஒன்றுதான்: தோற்றால் அடுத்த நாள் அலுவலகத்தைத் திறக்க முடியுமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "உங்களிட்ட வரி செய்யிற சனம் போட்டாலே காணும்." சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்களைக் கவிழ்க்கக்கூடியதும் அதே வரிதான். காசு, உச்சரிப்பு எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம். முதலில் இதைக் கதைத்துவிடுகிறேன்.

நானும் கணக்காளன். வேட்பாளர்களின் தேர்தல் கணக்குகளைப் பல வருடமாக ஆய்வு செய்து கையெழுத்திட்டு வருகிறேன். மார்ச் மாதத்தில் நம் மேசைக்கு முன்னால் வந்து அமர்கிறவர் சம்பள விவரம் காட்டும் டி4 தாளை மட்டுமா கொண்டுவருகிறார்? கணவனும் மனைவியும் பிரிந்து இருக்கிறார்களா, கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்ட காசு எங்கே போகிறது, எந்தப் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சலுகை கிடைக்கிறது, மகனுக்கு எந்த மாதம் வேலை போனது, ஊரில் இருக்கும் தாய்க்கு எவ்வளவு போகிறது என எல்லாம் நமக்குத் தெரியும். சொந்தத் தம்பிக்குச் சொல்லாததை நமக்குச் சொல்லிவிட்டு, முப்பது டொலர் குறைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது அந்த வீட்டுக் கதவை வேட்பாளராக நீங்கள் தட்டுகிறீர்கள். உள்ளே இருப்பவர் சிரித்துக்கொண்டு "கட்டாயம் அக்கா, உங்களுக்குத்தான்" என்பார். மனதில் ஓடுவது வேறு: "இவவுக்கு என்ர கணக்கு முழுக்கத் தெரியும். இல்லையெண்டு சொன்னால் என்ன நினைப்பா?" பயத்தில் சொன்ன ஓம் வாக்காக மாறும் என்று நம்ப வேண்டாம். வாக்கு இரகசியமானது, அவர் யாருக்கும் போடலாம். அடுத்த வருடம் வேறு கணக்காளரைத் தேடியும் போகலாம். நானூறு குடும்பமும் உங்கள் வாக்கு வங்கி என்று நினைத்து இறங்கினால் அந்த வாக்குகளும் வராது, வாடிக்கையும் குறையும்.

இது வெறும் மன உணர்வு சார்ந்த விஷயமும் அல்ல. வாடிக்கையாளர் தந்த தகவலை நம் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நம் மாகாணக் கணக்காளர் அமைப்பான சீபீஏ ஒன்ராறியோவின் நடத்தை விதி சொல்கிறது. தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் அந்தத் தகவலில் சேர்த்திதான். வரி செய்யத் தந்த எண்ணுக்கு "எனக்கு வாக்களியுங்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி போதும், யாராவது ஒருவர் முறைப்பாடு போட. தேர்தல் காலத்தில் அந்த ஒருவர் உங்கள் எதிர் வேட்பாளரின் மைத்துனராக இருக்கவும் கூடும்.

ஆகவே அலுவலகத்தின் பெயர்ப் பட்டியலைத் தொடவே வேண்டாம். வேட்பாளர்கள் கேட்டால் வாக்காளர் பட்டியலைச் செப்டெம்பரிலிருந்து தேர்தலை நடத்தும் நகரக் கிளார்க் அலுவலகமே தரும். அதை வைத்துத் தெருத் தெருவாகப் போங்கள். அந்தத் தெருவில் உங்கள் வாடிக்கையாளர் இருந்தால் அவரையும் மற்றவர்களைப் போல வாக்காளராகச் சந்தியுங்கள், வரியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அலுவலகச் சுவரில் உங்கள் படம் வேண்டாம், வரவேற்பு மேசையில் ஃபிளையர் வேண்டாம். அலுவலகம் கோப்பரேஷனாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் இன்னும் கவனம். ஒன்ராறியோ நகரசபைத் தேர்தலில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்கு எதுவும் கொடுக்க முடியாது. நிறுவனம் உங்களுடையதே என்றாலும் அது நிறுவனம்தான். அங்குள்ள பிரிண்டரில் நூறு தாள் அடித்தால், அது தடை செய்யப்பட்ட நன்கொடை ஆகிவிடும். வேண்டுமென்றால் சந்தை விலையில் பில் போட்டு, பிரசாரக் கணக்கிலிருந்து காசு கட்டுங்கள்.

மார்க்கமுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 2003இலேயே இணைய வாக்களிப்பைத் தொடங்கிய நகரம் உங்களுடையது. வீட்டுக்குத் தபாலில் ஒரு இரகசிய எண் வரும். கணினியிலோ கைப்பேசியிலோ அதைப் போட்டு வாக்களிக்கலாம். எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் அந்தக் கடிதத்தை உறை பிரிக்காமல் உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரப் போகிறார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியக் கடிதம், வரித் திணைக்களக் கடிதம் எல்லாவற்றையும் அவர் உங்களிடம்தான் கொண்டுவருகிறார். "பிள்ளை, எனக்கு உது விளங்காது. நீங்களே உங்களுக்குப் போட்டு விடுங்கோ" என்பார். அவருடைய பிறந்த திகதி உட்பட எல்லாமே உங்கள் கோப்பில் இருக்கிறது. அந்த உறையைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள். மகளிடம் அல்லது நகரத்தின் உதவி எண்ணுக்கு அனுப்புங்கள். வேட்பாளர் ஒருவர் இன்னொருவரின் வாக்கை அழுத்தினார் என்ற பேச்சு எழுந்தால், வென்ற பிறகும் பதவி தங்காது. அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதை இப்போதே சொல்லி வையுங்கள். அவர்கள் இரக்கத்தில் செய்துவிடுவார்கள்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோயில் பதிவு செய்த அறக்கட்டளை என்று நினைக்கிறேன், நன்கொடைக்கு வரி ரசீது கொடுக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ அதற்கு அனுமதி இல்லை. கூட்டாட்சி வருமான வரிச் சட்டம் நகரசபை வேட்பாளரையும் விட்டு வைக்கவில்லை. திருவிழா மேடையில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து "எங்கட பொருளாளர் நிக்கிறா, எல்லாரும் ஆதரவு தரவேணும்" என்று அன்பாகச் சொல்வார். அந்த அன்பில் ஆபத்து கோயிலின் பதிவுக்குத்தான். வேட்புமனுக் கொடுப்பதற்கு முன் பொருளாளர் பொறுப்பை விட்டுவிடுங்கள். விடும்போது வங்கி மீதி, உண்டியல் புத்தகம், ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் புதியவருக்கு எழுத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். "கோயில் காசில் தேர்தல் கேட்டா" என்ற கதை நம்மிடையே எவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, கணக்காளராக இருப்பது உதவுமா?

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. "நான் சீபீஏ, ஆகவே நகரத்தின் நிதியை நன்றாகப் பார்ப்பேன்" என்று ஃபிளையரில் அச்சடித்தால் யாரும் இரண்டாம் முறை வாசிக்கமாட்டார்கள். எல்லா வேட்பாளரும் வரியைக் கட்டுப்படுத்துவேன் என்றுதான் அச்சடிக்கிறார்கள். அதற்குப் பதிலாக உங்கள் சொந்த வீட்டு வரிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். மார்க்கமில் ஒரே பத்திரத்தில் மூன்று வரி இருக்கிறது: நகரத்தின் பங்கு, மார்க்கமும் அடங்கிய யோர்க் பிராந்தியத்தின் பங்கு, மாகாணத்தின் கல்வி வரி. நகரத்துக்கு வருவது மொத்தத்தில் பாதிகூட இல்லை. பொலிசும் பெரிய வீதிகளும் பிராந்தியத்தின் பொறுப்பு. உள்தெரு, பூங்கா, நூலகம், தீயணைப்பு ஆகியவை நகரத்துடையவை. இருபது வருடமாக வரி கட்டுகிறவர்களில்கூட இது தெரியாதவர் பலர். "என் வீட்டு விலை ஏறினால் வரி ஏறுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். மாகாணம் முழுவதும் வீடுகள் இன்னும் 2016 ஜனவரி 1ஆம் திகதி மதிப்பில்தான் வரி கட்டுகின்றன என்பதை வாசலில் நின்று மூன்று நிமிடத்தில் விளங்கப்படுத்தக்கூடிய வேட்பாளர்கள் குறைவு. உங்களால் முடியும். நம் தொழிலின் உண்மையான பயிற்சி அதுதான், பயந்துபோய் வந்தவருக்கு ஒரு தாளை விளங்கப்படுத்துவது.

வென்றால் சபைக்குள் உங்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் நகரங்கள் அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை வரவு செலவுத் திட்டம் போட முடியாது. கடன் எடுப்பது பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்குத்தான். ஆகவே அங்கே சண்டை பெரும்பாலும் கையிருப்பு நிதியைச் சுற்றி நடக்கும்: இந்த வருடம் வரியைக் குறைவாகக் காட்ட, பதினைந்து வருடத்துக்குப் பிறகு மாற்ற வேண்டிய நீர்க்குழாய்க்குச் சேமிக்கும் காசில் கை வைப்பதா இல்லையா? தேய்மானம் தெரிந்த உங்களுக்கு இது உடனே விளங்கும். விளங்கினாலும் உங்களிடம் இருப்பது 13 பேர் கொண்ட சபையில் ஒரு வாக்கு: மேயர், நான்கு பிராந்திய உறுப்பினர், எட்டு வட்டார உறுப்பினர். அதிலும் மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கும் மாகாணச் சட்டம் மார்க்கமுக்கும் வந்த பிறகு, வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பதே மேயர்தான். கணக்கில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கும், வாக்கெடுப்பில் தோற்பீர்கள். இதைத் தாங்க முடியுமா என்று இப்போதே உங்களைக் கேட்டுப் பாருங்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்குக் கூட்டல் சரியாக இருந்தும் தோற்பது லேசான விஷயம் இல்லை.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். வட்டார வேட்பாளரின் செலவு உச்ச வரம்பு 5,000 டொலரும், ஒவ்வொரு வாக்காளருக்கும் 85 சதமும். 30,000 வாக்காளர் உள்ள வட்டாரம் என்றால் 30,500 டொலர். அவ்வளவும் செலவழிக்க வேண்டியதில்லை, அதற்கு மேல் போகக் கூடாது. நீங்களும் கணவரும் சேர்ந்து சொந்தக் காசு போடுவதற்கும் வரம்பு உண்டு: 5,000 டொலரும் வாக்காளருக்கு 20 சதமும். அதே வட்டாரத்தில் அது 11,000 டொலர். எவ்வளவு பெரிய வட்டாரமானாலும் 25,000ஐத் தாண்ட முடியாது. மற்றவர் ஒருவர் உங்களுக்குத் தரக்கூடியது 1,200 டொலர். தருகிறவர் ஒன்ராறியோவில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் லண்டனில் இருக்கும் அண்ணா ஆசையாக அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள்.

வேட்புமனு 2026 மே 1இல் திறக்கிறது, ஓகஸ்ட் 21இல் மூடுகிறது. கட்டணம் 100 டொலர், கூடவே 25 வாக்காளர்களின் கையெழுத்து. மனுக் கொடுக்கும் முன் ஒரு சதம் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. பிரசாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். இதெல்லாம் நான் எழுதும்போது உள்ள விதிகள். மனுக் கொடுக்கும் அன்று கிளார்க் அலுவலகம் தரும் கையேட்டில் எண்களை மறுபடி சரி பாருங்கள். யார் சொன்னாலும் நம்பி விடாமல் தாளைப் பார்ப்பதுதானே நம் வேலை.

நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் வேறு. கலியாண வீட்டில் உறையில் காசு வைத்துக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். நிதி சேர்க்கும் இராப்போசனம் வைத்தால் ஐம்பது, நூறு என்று உறைகள் மேசைக்கு வரும். பெயர் எழுதாத உறையும் வரும். 25 டொலருக்கு மேல் பணத்தாளாக நன்கொடை வாங்க முடியாது. காசோலை, கார்ட், அல்லது கொடுத்தவர் யார் என்று காட்டும் வேறு வழி வேண்டும். பெயர் தெரியாத காசை நீங்கள் வைத்திருக்கவும் முடியாது, கிளார்க்கிடம் ஒப்படைக்க வேண்டும். மொத்தம் 100 டொலருக்கு மேல் தந்தவரின் பெயரும் முகவரியும் நிதி அறிக்கையில் வரும், அதை எவரும் பார்க்கலாம். கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பின்னால் வந்து கோபிப்பார்கள்.

காசாக வராத நன்கொடைதான் இன்னும் மோசம். தெரிந்த கடைக்காரர் தொண்டர்களுக்கு நூறு பேருக்குக் கொத்துரொட்டி அனுப்புவார். மண்டபக்காரர் "உங்களிட்ட காசு வாங்குவனா அக்கா" என்பார். அச்சகக்காரர் பாதி விலை போடுவார். மூன்றுமே நிறுவனங்களின் நன்கொடை, மூன்றுமே சட்டத்துக்கு மாறு. முழு விலைக்குப் பில் வாங்குங்கள். ஒரு வேட்பாளர் தன் கணக்கை என்னிடம் வாழைப்பழப் பெட்டியில் கொண்டுவந்தார். ரசீதுகள் மேல் சாம்பார் ஊற்றியிருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். உணவுக்கான பில்லில் தொகை பூச்சியம். "அன்பாகத் தந்தது" என்றார். அந்த அன்பு எத்தனை டொலர் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுத வேண்டியதை இன்னொரு கட்டத்தில் எழுதியதால் பதவி போன கதை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஸ்காபுறோ–அஜின்கோர்ட்டில் 2018இல் ரொறொன்ரோ நகரசபைக்குத் தெரிவானவர் ஜிம் கரிஜியானிஸ். அவரும் குடியேறி வந்தவர்தான், கிரேக்கத்திலிருந்து. இருபது வருடத்துக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், தேர்தலுக்குப் புதியவர் அல்ல. தேர்தல் முடிந்த பின் வைத்த ஒரு இராப்போசனத்தின் சுமார் 27,000 டொலர் செலவை, நிதி அறிக்கையில் "நன்றி தெரிவிக்கும் நிகழ்ச்சி" என்ற தலைப்பின் கீழ் காட்டியிருந்தார். அந்தத் தலைப்புக்குப் பொதுச் செலவு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி, அவருக்கு அது ஆறாயிரம் டொலர் சொச்சம். 2019 நவம்பரில் பதவி பறிபோனது. அது நிதி சேர்ப்பு நிகழ்ச்சி, தவறான இடத்தில் எழுதப்பட்டுவிட்டது என்று வாதிட்டார். அதே மாதம் ஒரு நீதிபதி பதவியைத் திருப்பிக் கொடுத்தார். 2020 செப்டெம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி எடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் இடைத்தேர்தல். இந்தத் தீர்ப்பை ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். கணக்காளருக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை.

உங்கள் பிரசாரக் கணக்கை நீங்களே எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் கணக்காய்வு அறிக்கை வேண்டும். அதைப் பொதுக் கணக்காய்வு உரிமம் உள்ள வெளியாள்தான் செய்ய முடியும். உங்களோடு சீஜீஏ படித்த தோழி எல்லாருக்கும் அந்த உரிமம் இருக்காது. ஆளை ஓகஸ்டிலேயே பேசி வையுங்கள்.

அடுத்தது, வென்ற பிறகு அலுவலகத்தை வைத்துக்கொள்வதா என்பது. இதை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடமாட்டேன். ஒன்ராறியோவின் நலன் முரண்பாட்டுச் சட்டப்படி, உங்களுக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ பண நலன் உள்ள விஷயம் சபைக்கு வந்தால் அதை வெளிப்படுத்திவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டும், வாக்களிக்கக் கூடாது. வாடிக்கையாளர் ஒருவரின் கட்டட விண்ணப்பம் வருகிறது என்பதாலேயே முரண்பாடு ஆகிவிடாது. ஆனால் அவரிடமிருந்து உங்களுக்குக் கட்டணம் வருகிறதே, அந்த விண்ணப்பம் வெற்றி பெற்றால் இன்னும் வருமே என்று கேள்வி எழும். வெளிப்படுத்தும்போது என்ன நலன் என்பதையும் பொதுவாகச் சொல்ல வேண்டும், அது பதிவேட்டில் ஏறும். அதாவது "இவர் என் வாடிக்கையாளர்" என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கூடாது என்பதுதான் நம் தொழில் விதி! நகரசபைச் சட்டம் வாயைத் திற என்கிறது, சீபீஏ விதி மூடு என்கிறது. இதற்கு ஒரே வழி, வேட்புமனுவுக்கு முன்பே கட்டட வேலை, காணி, உணவகம், உரிமம் என்று நகரத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வாடிக்கையாளர் யார் யார் என்று பிரித்து, அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது, அல்லது மரியாதையாக இன்னொரு கணக்காளரிடம் அனுப்புவது. வென்ற பின் சந்தேகம் வந்தால் நகரத்தின் நேர்மை ஆணையரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. தொலைபேசியில் கேட்டு ஆறுதல் அடைய வேண்டாம். எழுத்தில்.

உச்சரிப்பு பற்றி அதிகம் எழுத இல்லை. மார்க்கமில் வாசலைத் திறப்பவர்களில் பலருக்கும் ஒரு உச்சரிப்பு இருக்கிறது. மெதுவாகக் கதையுங்கள், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய கேள்வி எண்ணிக்கை. நம் சனம் மட்டும் போட்டால் வெல்ல முடியுமா? 30,000 வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினர் வாக்களித்தால் பத்தாயிரம். ஆறு பேர் நின்றால் மூவாயிரம் சொச்சத்திலேயே ஒருவர் வெல்லலாம். அந்த ஆறில் மூன்று பேர் தமிழராக இருந்தால் வெல்பவர் தமிழராக இருக்கமாட்டார். இது வெறும் கூட்டல் கழித்தல். ஆகவே மே மாதத்துக்கு முன், நிற்க நினைக்கும் மற்றத் தமிழரோடு ஒரு கோப்பித் தண்ணி குடித்துக் கதையுங்கள். சீன, பஞ்சாபி, உருது பேசும் வீடுகளுக்கு முதலில் போங்கள், நம் வீடுகளுக்குக் கடைசியில். 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்குத் தெரிவாகிப் பிறகு 2018இல் மாகாணச் சட்டமன்றத்துக்கும் போனதிலிருந்து, இங்கே தமிழர் வெல்லலாம் என்பது புதிய செய்தி இல்லை. யுவனிதா நாதன் பள்ளிச் சபையில் தொடங்கி 2022இல் மார்க்கம் நகரசபைக்கும் 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். பள்ளிச் சபையில் தொடங்குவது முன்பு நல்ல படியாக இருந்தது. ஆனால் 2025இல் ரொறொன்ரோ உட்படச் சில பள்ளிச் சபைகளை மாகாண அரசு தன் மேற்பார்வைக்குள் எடுத்த பிறகு, அந்தப் பதவிக்கு எவ்வளவு அதிகாரம் மிஞ்சும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. உங்கள் வயதில், உங்கள் தொழிலோடு, நேரே நகரசபைக்கு நிற்பதே சரி என்பேன்.

சம்பளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரொறொன்ரோ உறுப்பினரின் சம்பளம் 2025இல் சுமார் 1,70,000 டொலராக உயர்ந்தது, மற்ற நகரங்கள் அப்படி அல்ல. ஒவ்வொரு நகரமும் உறுப்பினர்களுக்குக் கொடுத்ததை ஆண்டுதோறும் மார்ச் மாத முடிவுக்குள் வெளியிட வேண்டும். மார்க்கமின் அறிக்கையை எடுத்து, உங்கள் அலுவலகத்தின் நிகர வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கணவருக்குக் காட்டுங்கள்.

அவருடைய கேள்விக்கு வருகிறேன். தோற்றால் அடுத்த நாள் அலுவலகத்தைத் திறக்க முடியுமா? தேர்தல் அக்டோபர் 26, திங்கட்கிழமை. செவ்வாய் காலை ஒன்பது மணிக்குத் திறங்கள். வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாமல், உறையைக் கையில் வாங்காமல், கோயிலை இழுக்காமல் தோற்றிருந்தால் உள்ளே வருகிறவர் "என்ன அக்கா, சரிவரேல்லையே" என்று கேட்டுவிட்டு டி4 தாளை எடுத்து வைப்பார். வன்கூவரில் கென் சிம் என்ற பட்டயக் கணக்காளர், ஹொங்கொங்கிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், 2018இல் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் மேயர் பதவியைத் தவறவிட்டு, 2022இல் பெரிய வித்தியாசத்தில் வென்றார். தோல்விக்குப் பிறகும் ஒரு தேர்தல் இருக்கிறது, வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால்தான் திரும்பாது.

ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வென்றாலும் தோற்றாலும் உங்கள் நிதி அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் வென்றிருந்தால் பதவி போகும், தோற்றிருந்தால் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. கடைசி நாள் மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி. 2027இல் அது பெரிய வெள்ளிக்கிழமையில் வந்து விழுகிறது. அலுவலகம் திறந்திருக்கும் நாள் எது என்று கிளார்க்கிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவும் நமக்கு வரிக் காலத்தின் நடு. வாசலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது உங்கள் சொந்தக் கணக்கு மேசைக்கு அடியில் போய்விடும். பெப்ரவரி முதல் வாரத்திலேயே அதைக் கணக்காய்வாளர் கையில் கொடுத்துவிடுங்கள், முதல் வாடிக்கையாளர் வந்து உட்காரும் முன்.